இல்லாத பாம்பை விரட்டியவர்

அமெரிக்காவில் 3 கோடிக்கும் அதிகமானோர் தங்களை ஐரிஷ் வம்சாவளி என்று சொல்லிக்கொள்கிறார்கள். அயர்லாந்துத் தீவில் வடக்கு, தெற்கு இரண்டையும் சேர்த்தாலும் இருப்பவர்கள் சுமார் 70 லட்சம் பேர்தான். ஆக, ஊரில் இருப்பவர்களைவிட ஊரைப் பற்றிப் பேசுகிறவர்கள் நாலு மடங்கு. அந்தப் பேச்சில் பெரும்பங்கு பாட்டிகளுடையது. மார்ச் 17ஆம் தேதி, புனித பேட்ரிக் திருநாளன்று, பாஸ்டனிலோ சிகாகோவிலோ ஒரு ஐரிஷ் வீட்டுக்குள் நுழைந்தால், பச்சை ஸ்வெட்டர் போட்ட பாட்டி ஒருவர் அடுப்படியில் நின்றபடியே சரித்திர வகுப்பு எடுப்பார். புனித பேட்ரிக் அசல் ஐரிஷ்காரர். பாம்புகளை எல்லாம் கடலுக்குள் விரட்டினார். அவருடைய நிறம் பச்சை. நம் முன்னோர் அவர் திருநாளில் ஊர்வலம் போனார்கள், மூக்குமுட்டக் குடித்தார்கள், வீட்டுக்கு வந்து உப்பில் ஊறிய மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும் சாப்பிட்டார்கள்.

இதில் முட்டைக்கோஸ் மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாத உண்மை.

பேட்ரிக் 5ஆம் நூற்றாண்டு ஆசாமி. பிறந்தது ரோமானியர்களின் பிரிட்டனில், ஓரளவு வசதியான வீட்டில். அப்பா கல்ப்பூர்னியுஸ் திருத்தொண்டர், தாத்தா பொட்டித்துஸ் குருவானவர். (குருக்களுக்குக் கல்யாணம் கூடாது என்ற விதி கெட்டிப்படாத காலம், யாரும் அலற வேண்டாம்.) குடும்பத்தில் இத்தனை பக்தி ஓடியும் பையனுக்கு ஒன்றும் ஒட்டவில்லை. கடவுளைத் தெரியாதவனாகத்தான் திரிந்தேன் என்று பிற்காலத்தில் அவரே எழுதிவைத்திருக்கிறார். 16 வயது வாக்கில் ஐரிஷ் கொள்ளையர் கடல் தாண்டி வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போய் அடிமையாக்கினார்கள். உலகப் புகழ்பெற்ற ஐரிஷ் விருந்தோம்பலோடு அவருக்கு ஏற்பட்ட முதல் அறிமுகம் இதுதான்.

ஆறு வருஷம் மழையிலும் பனியிலும் மந்தை மேய்த்தார். வேறு வேலை இல்லாததால் ஜெபம் செய்தார், ஒரு நாளைக்கு நூறு முறை. ஒருநாள் கனவில் ஒரு குரல்: உன் கப்பல் தயார். கப்பல் நின்ற இடமோ 200 மைல் தூரத்தில். அந்தக் குரல் கிட்டத்திலேயே ஒரு துறைமுகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். நடந்தே போனார். மாலுமிகள் முதலில் விரட்டினார்கள், பிறகு மனம் மாறி ஏற்றிக்கொண்டார்கள். அந்த இடத்தில் பேட்ரிக் ஒரு வாக்கியம் எழுதுகிறார்: கடவுளுக்கு அஞ்சி, அவர்களுடைய முலைக்காம்பைச் சப்ப மறுத்துவிட்டேன் என்று. ஏன் சப்ப வேண்டும் என்று அவர் விளக்கவில்லை. படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தார் போலிருக்கிறது. அடைக்கலம் கேட்டு வருகிறவன் தலைவனுக்குக் காட்டும் அந்தக்கால மரியாதையாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பேட்ரிக் பெயரைச் சொல்லி எத்தனையோ பழைய மரபுகளைத் தூசி தட்டிய அமெரிக்கர்கள் இதை மட்டும் கண்டுகொள்ளாமல் விட்டது நாம் செய்த புண்ணியம்.

ஒருவழியாக வீடு போய்ச் சேர்ந்தார். இனி எங்கேயும் போய்விடாதே என்று வீட்டார் கெஞ்சினார்கள். மறுபடி கனவு. இந்த முறை விக்டோரிக்குஸ் என்றொருவர் கட்டுக்கட்டாகக் கடிதங்களோடு வந்தார். அயர்லாந்து மக்கள், எங்களிடம் திரும்பி வா என்று கூப்பிட்டார்கள். தப்பி ஓடிவந்த ஊருக்கே ஆயராகப் போகிறேன் என்று ஒரு மகன் சொன்னால் அந்த வீட்டில் என்ன ரகளை நடந்திருக்கும் என்பதை அவர் பதிவு செய்யவில்லை.

அவர் பதிவு செய்தது வேறொரு மனக்குறை. 15 வயதுகூட நிரம்பாத காலத்தில் ஏதோ ஒரு பாவம் செய்துவிட்டார். மனசு கேட்காமல் உயிர் நண்பன் ஒருவனிடம் சொல்லிவைத்தார். 30 வருஷம் கழித்து, திருச்சபைப் பெரியவர்கள் இவர்மேல் பாய்ந்தபோது அந்த நண்பர் அதை எடுத்து நீட்டிவிட்டார். பேட்ரிக் எழுதிய ‘கன்ஃபெஸ்ஸியோ’ என்ற நூலில் இந்தப் புண் இன்னும் ஆறாமல் இருக்கிறது. என்ன பாவம் என்று கடைசிவரை சொல்லாமலே விட்டிருக்கிறார். ஒரு தரம் சொல்லிப் பட்டதே போதும் என்று நினைத்திருக்கலாம். எனக்குப் பேட்ரிக்கைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். பச்சைத் தாடி, பச்சைத் தொப்பிக்கு அடியில், தன் லத்தீன் சரியில்லையே என்று கூசிக்கொண்டு, பழைய நண்பனை நினைத்துப் பொருமும் ஒரு கிழவர் இருக்கிறார்.

பாம்பைப் பற்றி அந்த நூலில் ஒரு வரி கிடையாது. அற்புதங்கள் எல்லாம் 200 ஆண்டுகள் கழித்து, முயிர்ஹு, திரேஹான் போன்றவர்கள் எழுதிய தலபுராணங்களில் ஆரம்பிக்கின்றன. முயிர்ஹுவின் பேட்ரிக் ரொம்பக் கோபக்காரர். எதிர்த்துப் பேசிய மந்திரவாதி ஒருவன் ஆகாயத்தில் தூக்கப்பட்டுக் கீழே விழுந்து மண்டை சிதறிச் சாகிறான். அரசவையே நடுங்குகிறது. கன்ஃபெஸ்ஸியோவின் கூச்ச சுபாவி இதைப் படித்திருந்தால் அவரும் நடுங்கியிருப்பார். பாம்புக் கதை அதற்கும் வெகு பின்னால் வந்து சேர்ந்தது. பேட்ரிக் பிறப்பதற்கு முன்பே, 3ஆம் நூற்றாண்டு வாக்கில், அயர்லாந்தில் பாம்பே கிடையாது என்று சொலினுஸ் என்ற ரோமானியர் எழுதிவிட்டார். பனியுகம் முடிந்து, கடல் மட்டம் உயர்ந்து தீவு தனியானபோது பாம்புகள் வந்து சேரவில்லை, அவ்வளவுதான் விஷயம். 12ஆம் நூற்றாண்டில் அயர்லாந்து போய்வந்த ஜெரால்டு என்ற வேல்ஸ் நாட்டுப் பாதிரியாரே, விரட்டினார் என்பதைவிட ஆதியிலிருந்தே இல்லை என்பதுதான் பொருத்தமாகப் படுகிறது என்று எழுதிவிட்டார். அந்த ஜெரால்டு மற்றபடி எந்தக் கதையைச் சொன்னாலும் நம்புகிறவர். அவருக்கே தொண்டையில் சிக்கிய கதை இது.

1942இல் டி.எஃப். ஓ’ராஹிலி என்ற அறிஞர் இன்னொரு குண்டு போட்டார். நாம் பேட்ரிக் என்று கும்பிடுவது ஒருவரை அல்ல, இரண்டு பேரைக் குழப்பி ஒட்டிய உருவத்தை என்றார். 431இல் போப்பாண்டவர் அனுப்பிய பல்லாதியுஸ் என்ற ஆயரும் அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டார். ஓ’ராஹிலி இருந்த அதே டப்ளின் உயர் ஆய்வு நிறுவனத்தில்தான் அப்போது இயற்பியலாளர் ஷ்ரோடிங்கரும் இருந்தார், காரண காரியம் பற்றி ஏதோ உரையாற்றினார். பத்திரிகையில் பத்தி எழுதிவந்த மைல்ஸ் நா கொபாலீன் இரண்டையும் முடிச்சுப் போட்டார்: பேட்ரிக் இரண்டு பேர், கடவுள் ஒருவர்கூட இல்லை, நிறுவனத்தின் ஆய்வு முடிவு இதுதான் போலும் என்று. நிறுவனம் சிரிக்கவில்லை.

நிறத்துக்கு வருவோம். 1783இல் புனித பேட்ரிக் பெயரில் வீரப்பட்டம் ஒன்றை அரசர் ஏற்படுத்தியபோது அதற்குத் தேர்ந்தெடுத்த நிறம் நீலம். பச்சை தெருவுக்கு வந்தது 1790களில், ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளம்பிய ஐக்கிய ஐரிஷ்காரர்களோடு. அப்போது பச்சை அணிவது அலங்காரம் அல்ல, வம்பை விலைக்கு வாங்குவது. மூன்று இலை ஷாம்ராக்கைக் காட்டித்தான் பேட்ரிக் மூவொரு கடவுள் தத்துவத்தை விளக்கினார் என்ற கதை எழுத்தில் வருவது 1726இல், காலெப் த்ரெல்கெல்டு என்ற தாவரவியலாளரின் மூலிகைப் புத்தகத்தில். ஆசாமி மதபோதகரும்கூட. இலையைத் தொப்பியில் செருகிக்கொள்கிறார்கள், பிறகு அதை நனைக்கிறோம் என்று சொல்லிக் கண்மண் தெரியாமல் குடிக்கிறார்கள் என்று அதே பத்தியில் பொருமுகிறார்.

குடிக்கு ஒரு நியாயம் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். மார்ச் 17 எந்த வருஷமும் தவக்காலத்துக்குள்தான் விழும். கறி கிடையாது, இனிப்பு கிடையாது, சாராயம் கிடையாது என்று நாற்பது நாள் வாயைக் கட்டிய சனத்துக்கு நட்டநடுவில் ஒரு நாள் விடுப்பு. வாட்டர்ஃபோர்டில் பிறந்து ரோமில் வாழ்ந்த லூக் வாடிங் என்ற பிரான்சிஸ்கன் துறவி, 17ஆம் நூற்றாண்டில் பாடுபட்டு இந்தத் திருநாளைத் திருச்சபை நாள்காட்டியில் ஏற்றினார். அடுத்த 400 ஆண்டுக்கு உலகத்தின் மதுக்கடைகளுக்கு என்ன உபகாரம் செய்கிறோம் என்று அந்தப் புண்ணியவானுக்குத் தெரிந்திருக்காது.

ஊர்வலமும் அயர்லாந்துச் சரக்கல்ல. இதுவரை கிடைத்த ஆவணங்களில் மிகப் பழைய பேட்ரிக் ஊர்வலம் 1601இல், ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டீனில், ஸ்பானியர்கள் நடத்தியது. அங்கே ரிகார்டோ ஆர்த்தூர் என்றொரு குருவானவர் இருந்தார். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், ஐரிஷ்காரர். நியூயார்க் ஊர்வலத்தின் கணக்கு 1762இல் தொடங்குகிறது. நடந்தவர்களில் ஆங்கிலேயப் படையின் சிவப்பு உடை போட்ட ஐரிஷ் சிப்பாய்களும் உண்டு. ஆங்கிலேயரிடமிருந்து விடுதலை என்று அதே தெருவில் பின்னாளில் கோஷம் போட்டபடி நடந்தவர்களிடம் இதை யாரும் நினைவூட்டாதது நல்லது.

பாஸ்டன்காரர்கள்தான் உள்ளதிலேயே கெட்டிக்காரர்கள். 1776 மார்ச் 17 அன்று, டார்செஸ்டர் மேட்டில் ஜார்ஜ் வாஷிங்டன் ஏற்றிவைத்த பீரங்கிகளைப் பார்த்து ஆங்கிலேயப் படை கப்பலேறி ஓடியது. அன்றைய அடையாளச் சொற்களில் ஒன்று ‘செயின்ட் பேட்ரிக்’. நகர ஆட்சி ஐரிஷ்காரர்கள் கைக்கு வந்தபின் இந்தத் தற்செயல் அவர்கள் கண்ணில் பட்டது. ஒரு கத்தோலிக்கப் புனிதருக்கு அரசு விடுமுறை கேட்டால் பழைய பியூரிட்டன் குடும்பங்கள் விடுமா? ஆங்கிலேயர் வெளியேறிய நாளுக்கு விடுமுறை கேட்டால் யாரால் மறுக்க முடியும்? தேசபக்தி பெயரில் விடுமுறை வந்தது. 1941இல் மாநில ஆளுநர் அந்தச் சட்டத்தில் கறுப்பு மையோடு பச்சை மையும் தொட்டுக் கையெழுத்திட்டார். அதற்குமேல் ரகசியம் காக்க அவசியம் இருக்கவில்லை. வாஷிங்டன் 1780இலும் இதே தேதியில் மாரிஸ்டவுன் முகாமில் தன் படைக்கு லீவு விட்டார். கொண்டாட்டத்தில் கொஞ்சங்கூடக் கலாட்டா இருக்காது என்று நம்புவதாக உத்தரவிலேயே எழுதினார். படையில் எத்தனை ஐரிஷ்காரர்கள் என்று தெரிந்த தளபதியின் வாசகம் அது.

இதுவரை சிரித்தாகிவிட்டது. அயர்லாந்தில் 1845 முதல் 1852 வரை உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் தின்றது. 10 லட்சம் பேர் செத்தார்கள், அதற்குமேல் கப்பலேறினார்கள். பாட்டிகளின் பாட்டிகள் அமெரிக்காவில் வந்து இறங்கியது அப்போதுதான். அவர்கள் கையில் கொண்டுவந்தது அநேகமாக ஒன்றுமில்லை. பாரம்பரியத்தையும் அங்கேயே வாங்க வேண்டியிருந்தது. மாட்டிறைச்சி அந்த வகையில் வாங்கியது. ஊரில் மாடு என்றால் பால், வெண்ணெய், பண்ணையார் வீட்டுச் சொத்து. ஏழைக்குக் கிடைத்தது பன்றி. அதை உப்புப் போட்டு முட்டைக்கோஸோடு வேகவைத்தார்கள். கார்க் துறைமுகத்திலிருந்து பீப்பாய் பீப்பாயாக உப்பு மாட்டிறைச்சி போனது நிஜம், ஆங்கிலேயக் கப்பற்படைக்கும் மேற்கிந்தியத் தோட்டங்களுக்கும். அடைத்தவனுக்குக் கிடைத்தது வாசனை. நியூயார்க்கில் அக்கம்பக்கத்திலேயே யூதக் கசாப்புக் கடைகள் இருந்தன. அங்கே பன்றி கிடையாது. உப்பில் ஊறிய மாட்டு நெஞ்சுக்கறி மலிவாகக் கிடைத்தது. பாட்டியின் பரம்பரைக் கைப்பக்குவத்துக்குப் பின்னால் இருப்பவர், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அதே போலப் பசியோடு கப்பலேறி வந்த இன்னொருவர்.

எல்லா ஐரிஷ்காரர்களும் பசியோடு கப்பலேறியவர்கள் அல்ல. கரீபியன் கடலில் மான்செராட் என்றொரு சின்னத் தீவு. அங்கே ஐரிஷ்காரர்கள் தோட்ட முதலாளிகள், அடிமைகளின் எஜமானர்கள். 1768 மார்ச் 17 அன்று எஜமானர்கள் போதையில் கிடப்பார்கள் என்று கணக்குப் போட்டு ஆப்பிரிக்க அடிமைகள் கிளர்ச்சிக்கு நாள் குறித்தார்கள். திட்டம் முன்கூட்டியே கசிந்தது. தலைவர்களைத் தூக்கில் போட்டார்கள். 1985 முதல் அங்கே மார்ச் 17 பொது விடுமுறை, பேட்ரிக்குக்காகவும் அந்தக் கிளர்ச்சிக்காரர்களுக்காகவும். பாஸ்போர்ட்டில் ஷாம்ராக் வடிவில் முத்திரை குத்துகிறார்கள். ஊர்க்காரர்கள் ரைலி, ஸ்வீனி, ஃபாரெல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்கள் எப்படி வந்தன என்பது அங்குள்ள பாட்டிகளுக்குத் தெரியும்.

சரி, இவ்வளவு அமர்க்களமும் வெளியூர்களில் நடக்கும்போது, சொந்த ஊரில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? சும்மா இருந்தார்கள். அயர்லாந்தில் மார்ச் 17 பொது விடுமுறையானதே 1903இல்தான், அதுவும் லண்டன் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால். விடுதலை கிடைத்ததும் புதிய அரசு 1920களில் எடுத்த முடிவுகளில் ஒன்று, தேசியத் திருநாளன்று மதுக்கடைகளைப் பூட்டுவது. உலகமே ஐரிஷ்காரன் பெயரைச் சொல்லிக் குடித்த நாளில், 1960களின் தொடக்கம் வரை, ஐரிஷ்காரன் மட்டும் தாகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

டப்ளின் பாட்டியைக் கேட்டால் வேறு நினைவுகள் வரும். காலையில் கோட்டில் குத்திய ஷாம்ராக், பூசை முடிவதற்குள் வாடித் தொங்கும். குழந்தைகளுக்கு ரிப்பனில் யாழ் ஒட்டிய பேட்ஜ், தவக்காலத்துக்காக எடுத்துவைத்த மிட்டாய்களை அன்றைக்கு மட்டும் தின்ன அனுமதி. ஈரப்பாசியில் சுருட்டிப் பெட்டியில் வைத்து அமெரிக்காவுக்குத் தபாலில் அனுப்பிய ஷாம்ராக், போய்ச் சேரும்போது பழுப்பாகியிருக்கும். அங்கே அதையும் பயபக்தியோடு குத்திக்கொள்வார்கள். 1950களில் டப்ளினிலும் ஊர்வலம் விட்டார்கள். உள்நாட்டுத் தொழிலை வளர்க்கும் ஊர்வலம் என்பதால் லாரி, டிராக்டர், கம்பெனி விளம்பரப் பலகை, மறுபடி லாரி. பின்னர் அமெரிக்காவிலிருந்து குட்டைப் பாவாடை அணிந்த பாண்டு வாத்தியப் பெண்கள் வந்தார்கள். மார்ச் மாதக் குளிர்காற்றில் அவர்கள் கால்கள் நீலம் பாரித்தன. பேட்ரிக்கின் பழைய நிறம் அன்றைக்கு ஊரில் தென்பட்டது அங்கே மட்டும்தான்.

சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. ராயல் டப்ளின் சொசைட்டி அன்றைக்கு நாய்க் கண்காட்சி நடத்தும். அந்த வளாகத்தில் மட்டும் மது விற்கலாம். விளைவு, டப்ளினின் அமைச்சர்கள், வக்கீல்கள், கவிஞர்கள், பத்திரிகைக்காரர்கள் எல்லோருக்கும் வருஷத்தில் ஒரு நாள் நாய்கள் மீது அடக்க முடியாத பாசம் பொங்கியது. கூட்டத்தில் ஒருவர் தடுமாறி ஒரு நாயை மிதித்துவிட்டு, இந்த மாதிரி இடத்துக்கெல்லாம் யாராவது நாயைக் கூட்டிக்கொண்டு வருவார்களா என்று சீறியதாக ஊரில் இன்னும் சொல்வார்கள். நாயை ஏறெடுத்தும் பார்க்காமல் திரும்பியவர்கள்தான் பெரும்பான்மை என்று நம்புகிறேன்.

சிகாகோக்காரர்களுக்கு ஆறு கிடைத்தது. 1962இல் அந்த ஊர் பிளம்பர் சங்கத் தலைவர் ஸ்டீபன் பெய்லி, தன் ஆள் ஒருவரின் உடுப்பில் அழகான பச்சைக் கறை படிந்திருப்பதைப் பார்த்தார். விசாரித்தால், எந்தக் கட்டடத்தின் சாக்கடை ஆற்றில் கலக்கிறது என்று கண்டுபிடிக்க ஊற்றும் சாயம். நாமாக இருந்தால் சட்டையைத் துவைக்கச் சொல்லியிருப்போம். பெய்லி 100 பவுண்டு சாயத்தை ஆற்றில் கொட்டச் செய்தார். ஒரு நாளைக்கு என்று நினைத்தது ஒரு வாரம் பச்சையாக ஓடியது. இப்போது அளவைக் குறைத்து, தாவரச் சாயத்துக்கு மாறிவிட்டார்கள். கொட்டும்போது ஆரஞ்சு நிறம், தண்ணீர் பட்டதும் பச்சை. செய்முறை பரம ரகசியம். ஐரிஷ்காரர்களின் மிகப் புகழ்பெற்ற திருநாள் காட்சிக்கு மூலம் கழிவுநீர்ப் பரிசோதனை என்பது பாட்டி வகுப்பில் வராத பாடம்.

வாஷிங்டன் நகருக்கும் பச்சை போனது. 1952இல் அயர்லாந்துத் தூதர் ஜான் ஹெர்ன், அதிபர் ட்ரூமனுக்கு ஒரு சின்னப் பெட்டியில் ஷாம்ராக் கொடுத்தனுப்பினார். ட்ரூமன் ஊரில் இல்லை. இப்போது அதே சடங்கு, அயர்லாந்துப் பிரதமரே நேரில் வந்து கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்துக் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. இத்தனை சின்ன நாட்டின் தலைவருக்கு வருஷா வருஷம் வெள்ளை மாளிகைக் கதவு திறப்பதைப் பார்த்து மற்ற நாடுகளுக்கு வயிறு எரியும். கேமராக்கள் அணைந்ததும், பாதுகாப்பு விதிப்படி, ரகசியப் பாதுகாப்புப் பிரிவு அந்தச் செடியை அழித்துவிடும்.

1990களின் நடுவில் ஐரிஷ் அரசுக்கு ஞானோதயம் வந்தது. நம் திருநாளை வைத்து ஊரெல்லாம் பிழைக்கிறது, நாம் லாரிகளை ஓட்டிக்கொண்டிருக்கிறோமே என்று. 1996இல் டப்ளினில் முதல் பேட்ரிக் திருவிழா நடந்தது: வாணவேடிக்கை, பொம்மை யானை, பச்சை விளக்கு, அமெரிக்கப் பள்ளிகளின் பாண்டு வாத்தியம். பேரன் பேத்திகள் விமானமேறி வந்து குவிகிறார்கள். வேர்களைத் தேடி வருகிறவர்களுக்கு இடம் விட்டு, கொஞ்சம் விவரமான டப்ளின்காரர்கள் அந்த வாரம் வெளியூர் போய்விடுகிறார்கள். உப்பு மாட்டிறைச்சி கேட்டு வருகிறவரை உட்காரவைத்து, அது எங்கள் ஊர்ச் சாப்பாடே இல்லை ஐயா, உங்கள் ஊர் யூதக் கடைச் சரக்கு என்று விளக்க உணவகக்காரர்களுக்கு நேரமில்லை. மெனுவிலேயே போட்டுவிட்டார்கள், ‘பாரம்பரிய ஐரிஷ் உணவு’ என்ற தலைப்பின் கீழ்.